கூட்டிய கணக்கில் கையெழுத்திட மறுக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் நாள் இரவில் தொலைக்காட்சித் திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, யார் வென்றார் என்று தெரிந்துகொண்டு உறங்கப் போவது எல்லா நாட்டு மக்களுக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த எண்கள் இன்னும் முடிவாகவில்லை. பொறுப்பில் உள்ள ஒருவர், சட்டம் குறித்த நாளுக்குள் கணக்கைச் சரிபார்த்து, இதுதான் முடிவு என்று கையெழுத்திட வேண்டும். மலேசியாவில் வாக்குகளை எண்ணி முடித்ததும் 14ஆம் பாரத்தில் கையெழுத்து விழுகிறது. 2018 மே 9ஆம் தேதி இரவு, அந்தப் பாரத்தில் கையெழுத்துத் தாமதமாகிறது என்ற புகார்கள் கிளம்பியபோது பலர் தூங்காமல் விழித்திருந்தனர். ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பது அன்றிரவு விளங்கியது.

அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் "மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அங்கே நாடு முழுவதற்கும் வாக்குகளை எண்ணி அறிவிக்கும் ஒரே தேர்தல் ஆணையம் கிடையாது. 50 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்தல் சட்டம். மாநிலங்களுக்குள் கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் 3,000க்கும் மேல். பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய வாரியம் வாக்குச் சாவடிக் கணக்குகளைக் கூட்டிச் சரிபார்த்துச் சான்றளிக்கிறது. அது மாநிலத் தலைநகருக்குப் போகிறது. அங்கே இன்னொரு கையெழுத்து. அதிபர் தேர்தல் என்றால், பிறகு தேர்வாளர்கள் கூடி வாக்களிக்க, ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் ஒன்றாக அமர்ந்து எண்ணி முடிக்கின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே உள்ளவர்கள் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான்.

மாவட்ட வாரியத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சாதாரணமானவர்கள். கட்சிகள் நியமித்த உள்ளூர்க்காரர்கள், அல்லது சாலை, குடிநீர், வரி ஆகியவற்றைக் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்ற உறுப்பினர்கள். அவர்கள் நீதிபதிகள் அல்லர். வந்த கணக்கைக் கூட்டு, பிழையிருந்தால் திருத்தச் சொல், பிறகு கையெழுத்திடு. சட்டம் அவர்களுக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான். முடிவு பிடிக்கவில்லை, மோசடி நடந்தது என்று யாராவது சொன்னால் அதை விசாரிக்கும் இடம் நீதிமன்றம். மலேசியாவிலும் இதே வகையில்தான் சட்டம் அமைந்திருக்கிறது: முடிவு அரசிதழில் வெளியான 21 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். கூட்டுகிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு.

இந்தப் பிரிவினை ஏன் வந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1855ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநில ஆளுநர் தேர்தலில், அப்போது பதவியில் இருந்த வில்லியம் பார்ஸ்டோ 157 வாக்குகளில் வென்றதாக மாநில வாரியம் சான்றளித்தது. எதிர்த்து நின்ற கோல்ஸ் பாஷ்போர்ட் விடவில்லை. பின்னால் வந்து சேர்ந்த சில கணக்குகள் போலியானவை என்று மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஆளுநர் பதவியைப் பற்றி விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று பார்ஸ்டோ தரப்பு வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1856 மார்ச்சில் பார்ஸ்டோ பதவி விலகினார். துணை ஆளுநர் சில நாட்கள் மட்டும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அதற்குள் தீர்ப்பு பாஷ்போர்ட்டுக்குச் சாதகமாக வந்துவிட்டது. (அந்தத் துணை ஆளுநர் ஆர்தர் மெக்கார்தர், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் வட்டாரப் படைகளை நடத்திய ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் பாட்டனார்.) சான்றளித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடாது; உண்மையான மோசடி இருந்தால் அதன் பிறகும் நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்க்கும் என்பது அன்றே உறுதியானது. ஆகவே கையெழுத்திடுகிறவர் காவல்காரர் வேடம் போட வேண்டிய அவசியமில்லை.

நீண்ட காலம் இந்தக் கையெழுத்தைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்பட்டதில்லை. 2020 நவம்பர் 17ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் வேய்ன் மாவட்டத்தில் அது தலைப்புச் செய்தியாயிற்று. டெட்ராய்ட் நகரம் இருக்கும் மாவட்டம் அது. வாரியத்தில் நால்வர், கட்சிக்கு இருவர். சில சாவடிகளில் வந்துபோன வாக்காளர் எண்ணிக்கையும் வாக்குச் சீட்டு எண்ணிக்கையும் சற்றே பொருந்தவில்லை என்று குடியரசுக் கட்சியின் இருவரும் மறுத்தனர். டெட்ராய்ட் நீங்கலாக மற்ற ஊர்களுக்குச் சான்றளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். டெட்ராய்ட் மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர் என்பதைக் கணக்கில் எடுத்தால், அந்தப் பேச்சு எப்படிச் சுட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பொதுமக்கள் இணையவழிக் கூட்டத்தில் வரிசையாக வந்து கொதித்தனர். அன்றிரவே இருவரும் மனம் மாறிக் கையெழுத்திட்டனர். ஆறு நாள் கழித்து மாநில வாரியத்திலும் அதே நெருக்கடி. அங்கே ஏரன் வான் லாங்கவெல்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், சட்டம் தமக்கு வேறு வழி விடவில்லை என்று கூறிச் சான்றளிப்புக்கு வாக்களித்தார். மூன்று பேர் ஆதரவு, ஒருவர் ஒதுங்கல். அடுத்த தவணைக்கு அவருடைய கட்சி அவரை நியமிக்கவில்லை.

அரிசோனா மாநிலத்தின் கொச்சீஸ் மாவட்டத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மெக்சிகோ எல்லையை ஒட்டிய பகுதி அது. 'கௌபாய்' படங்களில் பார்த்த டூம்ஸ்டோன் நகரம் அங்கேதான் இருக்கிறது. குடியரசுக் கட்சிக்குச் செல்வாக்கான இடம். மாவட்ட மன்றத்தில் மூவர், இருவர் அக்கட்சி.

2022 நவம்பர் தேர்தலில் அந்த மாவட்டத்தில் சுமார் 47,000 பேர் வாக்களித்தனர். சான்றளிக்க ஆகக் கடைசி நாள் நவம்பர் 28. அன்று அந்த இருவரும், வாக்கு எண்ணும் இயந்திரங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்று சொல்லி, கூட்டத்தையே டிசம்பர் 2ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தனர். இயந்திரங்கள் முறைப்படி சோதிக்கப்பட்டவைதாம் என்று மாநிலத் தேர்தல் அதிகாரிகள் ஏற்கெனவே விளக்கியிருந்தனர். அந்த மாவட்டத்தின் கணக்கில் தவறு என்று இருவரும் எதையும் காட்டவில்லை.

இங்கேதான் வேடிக்கை. மாநில அளவில் டிசம்பர் 5ஆம் தேதி முடிவுகள் உறுதியாக வேண்டும். கொச்சீஸ் கணக்கு வராவிட்டால் அந்த 47,000 வாக்குகளும் விடுபட்டுப் போகும் நிலை. விடுபட்டால் தோற்பவர்கள் யார்? குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவரும், மாநிலக் கல்வித் துறைத் தலைவர் பதவிக்கு நின்ற அதே கட்சிக்காரரும் தோற்றுப்போகும் அளவுக்கு வாக்கு வித்தியாசம் குறைவாக இருந்தது. தம் கட்சி வென்ற இடங்களைத் தாமே எதிர்க்கட்சிக்குத் தூக்கிக் கொடுக்கும் காரியம் அது. மறுபக்கம், அந்த வாக்குகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அன்றே வழக்குப் போட்ட மாநிலச் செயலாளர் கேட்டி ஹோப்ஸ், ஜனநாயகக் கட்சிக்காரர். அதே தேர்தலில் ஆளுநர் பதவிக்கு நின்று வென்றவர். தம் கட்சிக்குப் பாதகமான வாக்குகளை எண்ணச் சொல்லி ஒருவர் நீதிமன்றம் போனதும், சாதகமான வாக்குகளை எண்ண விடாமல் இருவர் உட்கார்ந்திருந்ததும் ஒரே வாரத்தில் நடந்தவை.

ஓய்வு பெற்றோர் அமைப்பு ஒன்றும் தனியே வழக்குத் தொடுத்தது. மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் இந்த இருவருக்காக வாதாட மறுத்துவிட்டார். டிசம்பர் 1ஆம் தேதி நீதிபதி கேசி மெக்கின்லி, அன்று மாலை 5 மணிக்குள் கூடிச் சான்றளிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சட்டம் அவர்களுக்கு விருப்பத்தேர்வு எதையும் கொடுக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கூட்டம் கூடியது. மறுத்த இருவரில் டாம் கிராஸ்பி வரவில்லை. பெகி ஜட் வந்து, மன்றத் தலைவரான ஜனநாயகக் கட்சி உறுப்பினரோடு சேர்ந்து வாக்களித்தார். இரண்டுக்குப் பூஜ்யம்.

கதை அதோடு நிற்கவில்லை. 2023 நவம்பரில் இருவர் மீதும் குற்றச்சாட்டு பதிவாயிற்று. கிராஸ்பி குற்றத்தை மறுத்தார். பெகி ஜட் 2024 அக்டோபரில், தேர்தல் அதிகாரியாகக் கடமையைச் செய்யத் தவறிய சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 500 அமெரிக்க வெள்ளி அபராதம், கொஞ்ச கால நன்னடத்தைக் கண்காணிப்பு. தண்டனை சிறியதுதான். ஆனால் சான்றளிக்க மறுத்தால் குற்றவியல் நீதிமன்றம் வரை போக நேரும் என்பது மற்ற மாவட்டங்களுக்கு எட்டியது.

2022 ஜூன் மாதம் நியூ மெக்சிகோவின் ஓடெரோ மாவட்டத்திலும் இதே கூத்து நடந்திருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் இரண்டே நாளில் ஆணை பிறப்பிக்க, இருவர் வழிக்கு வந்தனர். மூன்றாமவர் கடைசிவரை மறுத்தார். இந்த வழக்குகளிலெல்லாம் பயன்பட்ட கருவி 'மேண்டமஸ்'. ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த பழைய ஆணை. இந்தியாவிலும் மலேசியாவிலும் வழக்கறிஞர்களுக்கு நன்கு பழக்கமானது. சட்டப்படி செய்தே ஆகவேண்டிய கடமையை ஓர் அதிகாரி செய்யாவிட்டால், செய் என்று நீதிமன்றம் ஆணையிடுவது. "எனக்குச் சரியாகப் படவில்லை" என்பது அந்த ஆணைக்கு முன் பதிலாகாது.

இருந்தாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் நீதிமன்றத்துக்கு ஓடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே சட்டத்தையே இறுக்கும் வேலை தொடங்கியது. மிச்சிகன் மக்கள் 2022 நவம்பரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு ஆதரவுடன் தம் மாநில அரசியலமைப்பையே திருத்தினர். சான்றளிக்கும் வாரியத்தின் வேலை எழுத்தர் வேலை போன்றது, அதில் சொந்த முடிவுக்கு இடமில்லை என்பது இப்போது அங்கே அரசியலமைப்பின் வாசகம். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றமும் 1887ஆம் ஆண்டின் பழைய தேர்தல் எண்ணிக்கைச் சட்டத்தைத் திருத்தியது. பழைய சட்டத்தில், ஒரு மாநிலத்தின் முடிவை எதிர்க்கச் சபைக்கு ஒருவர் கையெழுத்திட்டால் போதும். புதிய சட்டப்படி ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். மாநிலச் சான்றிதழுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தகராறு என்றால் மூன்று நீதிபதிகள் விரைந்து கேட்பார்கள். எண்ணும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துணை அதிபரின் பங்கு வெறும் சடங்கு போன்றது என்றும் எழுதிவைத்தார்கள். 2025 ஜனவரி 6ஆம் தேதி கமலா ஹாரிஸ் அந்த நாற்காலியில் அமர்ந்து, தாம் தோற்ற தேர்தலின் முடிவைத் தாமே வாசித்தார்.

காக்கப் போகிறவர்களும் சில வேளை அவசரப்படுவார்கள். ஒரு மாவட்டம் கணக்கை அனுப்பாவிட்டால் அதை விட்டுவிட்டு மாநில முடிவை அறிவிக்கலாம் என்று அரிசோனா அதிகாரிகள் தம் தேர்தல் கையேட்டில் 2023இல் ஒரு விதி சேர்த்தனர். அடம் பிடிப்பவர்களைப் பயமுறுத்தும் நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் மன்ற உறுப்பினரின் பிடிவாதத்துக்கு வாக்காளர்தானே தண்டனை அனுபவிக்க வேண்டிவரும்? 2024 செப்டம்பரில் கூட்டரசு நீதிபதி ஒருவர் அந்த விதிக்குத் தடை போட்டார். சரியான தடை.

ஜார்ஜியாவில் சண்டை வேறு உருவம் எடுத்தது. 2024 ஆகஸ்ட்டில், அதிபர் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாத வேளையில், மாநிலத் தேர்தல் வாரியம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் புதிய விதிகளை நிறைவேற்றியது. சான்றளிக்குமுன் மாவட்ட அதிகாரிகள் "நியாயமான விசாரணை" செய்ய வேண்டும் என்றது ஒரு விதி. படிக்க நல்ல சொல்தான். எது நியாயம், எத்தனை நாள் விசாரணை, எப்போது போதும் என்று எதுவும் அதில் இல்லை. சொல் அகலமாக இருந்தால் அதற்குள் எவரும் ஒளிந்துகொள்ளலாம். வழக்குகள் குவிந்தன. அக்டோபர் நடுவில் நீதிபதி ராபர்ட் மெக்பர்னி தெளிவாகச் சொன்னார்: எந்தச் சூழ்நிலையிலும் அதிகாரி சான்றளிக்க மறுக்கவும் முடியாது, ஒதுங்கி நிற்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் அதைப் பதிவு செய்து உரியவரிடம் கொடுக்கலாம். புலனாய்வாளர், அரசு வழக்கறிஞர், ஜூரி, நீதிபதி என்று எல்லா வேடத்தையும் ஒருவரே போட்டால் வாக்காளரின் குரல் அடைபட்டுப் போகும் என்பது அவர் கருத்து. வாரியத்தின் ஏழு விதிகளையும் அதே வாரத்தில் இன்னொரு நீதிபதி செல்லாது என்றார். 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், "நியாயமான விசாரணை" உட்பட நான்கு விதிகளை நிரந்தரமாக ஒதுக்கியது.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். உண்மையிலேயே மோசடி நடந்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டுமா? வட கரோலினாவில் 2018ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மார்க் ஹாரிஸ் 905 வாக்குகள் முன்னணியில் இருந்தார். மாநிலத் தேர்தல் வாரியம் சான்றளிக்கவில்லை. அவருக்காக வேலை செய்த ஒருவர் அஞ்சல் வாக்குகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தது வெளிவந்தது. 2019 பிப்ரவரியில் சத்தியம் வைத்துச் சாட்சிகளை விசாரித்து, இரு கட்சியினரும் அடங்கிய வாரியம் ஒருமனதாக மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த வாரியத்துக்கு விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருந்தது, சாட்சி இருந்தது, எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தது. கொச்சீஸில் இவை எதுவும் இல்லை.

அதே வட கரோலினா, சில ஆண்டுகளில், இன்னொரு பாடத்தையும் கொடுத்தது. முந்தியவற்றைவிட இது கவலை தருவது. 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான தேர்தலில் அலிசன் ரிக்ஸ் 734 வாக்குகளில் வென்றார். (அங்கே நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.) தோற்ற ஜெபர்சன் கிரிபின், தாமே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 65,000க்கும் மேற்பட்ட வாக்குகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். அவர்களில் எவரும் பொய்யாக வாக்களித்தார் என்பது குற்றச்சாட்டு இல்லை. பெரும்பாலோருடைய பதிவில் ஓர் அடையாள எண் விடுபட்டிருந்தது; பல ஆயிரம் பேர் வெளிநாட்டிலிருந்தும் இராணுவத்திலிருந்தும் அஞ்சலில் வாக்களித்தபோது படத்துடன் கூடிய அடையாள அட்டை நகலை இணைக்கவில்லை. இணைக்கத் தேவையில்லை என்றுதான் அன்றைய விதி அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமே சான்றளிப்பை நிறுத்திவைத்தது. இப்போது கதவை அடைத்து நின்றது மாவட்ட வாரியம் கிடையாது, நீதிமன்றம். மேண்டமஸ் கேட்டு ஓட வேண்டிய இடமே தடை கொடுத்தால் எங்கே போவது? ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரிபின் பக்கம் சாய்ந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதி திருத்தி, பெரும்பகுதி வாக்குகள் செல்லும் என்றது. வெளிநாட்டிலிருந்து வாக்களித்தோர் மட்டும் 30 நாளில் அடையாளச் சான்று காட்ட வேண்டும் என்றது. போர்க்கப்பலில் பணியாற்றும் ஒரு சிப்பாய், ஆறு மாதத்துக்கு முன் போட்ட வாக்குக்கு இப்போது தாள் தேட வேண்டும்.

கடைசியில் கூட்டரசு நீதிமன்றம் தலையிட்டது. நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், டோனல்ட் டிரம்ப் நியமித்தவர். மே 5ஆம் தேதி அவர் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது: ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது, அன்றைய விதியை நம்பி வாக்களித்தவரின் வாக்கைப் பின்னால் பிடுங்குவது அரசியலமைப்புக்கு விரோதம், 734 வாக்கு வித்தியாசத்தின்படி சான்றளிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் அவகாசமும் கொடுத்தார். கிரிபின் அதைப் பயன்படுத்தவில்லை. இரண்டு நாளில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மே 13ஆம் தேதி அலிசன் ரிக்ஸ் எட்டு ஆண்டுத் தவணைக்குப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். வாக்களிப்பு முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் இயந்திரத்தால் முழுமையாக ஒருமுறையும், கையால் ஒரு பகுதியும் மறு எண்ணிக்கை செய்துபார்த்தார்கள். வென்றவர் மாறவில்லை.